பை முன்னே போய்விட்டது

போடியிலிருந்து கிளம்பும்போது என்னிடம் ஒரே ஒரு பைதான் இருந்தது. கித்தான் துணியில் தைத்து அடியில் தோல் வைத்த பை. விமானத்தில் காலடியில் வைத்துக்கொள்ளலாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். கிராம்பு, ஜாதிக்காய் வாங்குகிறவனாகப் பத்து வருஷம் ஊர் சுற்றியதில் இந்தப் பைக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன் ஒருமுறை பம்பாய் போனபோது என் டிரங்குப் பெட்டி என்னோடு இறங்காமல் நாக்பூர் போய்விட்டது. இரவல் சட்டையில் மூன்று நாள் விலை பேசினேன். ஒருவரும் என்னை மதிக்கவில்லை.

இந்தத் தடவை நான்கு நாள் இலங்கை. டெரிலின் சட்டை இரண்டு. ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். வேட்டி ஒன்று, கால்சட்டை ஒன்று, ஈரோட்டுத் துண்டு ஒன்று. செருப்பு ஜோடிக்கு நடுவில் சவரச் சாமான், அதற்குள் பாதியாக வெட்டிய சோப்பு. பாஸ்போர்ட்டையும் முதலாளியின் அறிமுகக் கடிதத்தையும் மெழுகுத்தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் ஊறிவிடும். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எதையும் தேட வேண்டாம் என்பது என் கணக்கு.

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நான்கு நாளைக்கு இவ்வளவுதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இது போதும்" என்றேன். அவர் என் முகத்தையும் பாஸ்போர்ட் படத்தையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மாத்தளை. எங்கள் முதலாளிக்கு அங்கே இருபது வருஷப் பழக்கமுள்ள வியாபாரி மஹ்ரூப் நானா; அங்கே அண்ணனை நானா என்பார்கள். அவருடைய கிட்டங்கிக்குள் நுழைந்தால் கோக்கோ, மிளகு, கிராம்பு மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறுகின்றன. மதியம் வீட்டுக்கு அழைத்துப் போய் இடியாப்பமும் ஆட்டுக்கறியும் சொதியும் போட்டார். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போடுவோம். இங்கே அதே தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு எலுமிச்சை பிழிகிறார்கள். முதல் கவளத்தில் திகைத்தேன். மூன்றாவது கவளத்தில் இன்னும் இரண்டு கரண்டி கேட்டேன். கடைசியில் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலாப்பம் வந்தது. அதற்கு மேல் வியாபாரம் பேச எனக்குத் தெம்பில்லை.

ஏலக்காய் வாங்க நான் வரவில்லை, அது எங்கள் மலையிலேயே விளைகிறது. ஆனாலும் இந்த வருஷம் இங்கே காய் எப்படி என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார் முதலாளி. நானா ஒரு கைப்பிடி அள்ளித் தந்தார்.

"கீழ்நாட்டுக் காய் தம்பி. வெயில்ல காய வச்சது. எங்கட ஆளுங்களுக்கு இது போதும்."

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு கிராம்புத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

"பஸ்ஸுலயா போறீங்க? மழ காலம். லொறி வார மட்டும் நில்லுங்களேன், நாளண்டைக்கி அனுப்புறேன்."

"நேரமில்ல நானா. நாலாம் நாள் மத்தியானம் விமானம். விசாவும் அன்னியோட முடியுது."

அந்தச் சமயம் விசா என்ற சொல்லை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவிலிருந்து ஒரு காலத்தில் வந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்களில் யார் இங்கே, யார் அங்கே என்று பிரித்துக்கொண்டிருந்த காலம். தமிழ் பேசுகிற புது முகத்தைக் கண்டால் முதலில் காகிதத்தைத்தான் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பஸ் ரத்தோட்டையில் நின்றது. பால் விடாத வெறுந்தேத்தண்ணியும் கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார்கள். அதற்கு மேல் பாதை ஏறியது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பலாப்பழத்தோடு ஏறிய ஒரு பெரியவருக்காக நான் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது. கண்டக்டர் என் மடியிலிருந்த பையை வாங்கி டிரைவர் பக்கத்தில் வைத்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பெரியவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "பயப்படாதீங்க, அங்க வச்சா விழாதாம்."

மூன்று மணி இருக்கும். ஒரு மதகுப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. மழையில் மதகின் ஓரக் கல் சரிந்திருந்தது. எல்லோரும் இறங்கி நடந்து கடக்க வேண்டும், காலி பஸ் மெதுவாக வரும் என்றார்கள். இறங்கினோம். புல்லில் கால் வைத்த இடத்தில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் இரண்டு கணுக்காலிலும் அட்டைகள். எங்கள் மலையிலும் அட்டை உண்டு, ஆனால் இவ்வளவு அவசரக்கார அட்டையை நான் கண்டதில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அதற்குள் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து என் கையையே எனக்கு மறைத்தது. பஸ் உறுமுவது கேட்டது. மதகைத் தாண்டுகிறது என்று நினைத்தேன். உறுமல் நிற்கவில்லை. தூரம் போனது. பிறகு கேட்கவே இல்லை.

"ஏய், நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மதகைத் தாண்டியும் ஓடினேன். பாதையில் டயர் தடம்தான் இருந்தது. நூறு பேரில் ஒருவன் குறைந்ததை அந்தப் பனியில் யார் எண்ணுவார்கள்? தவறு என்னுடையதுதான். என்னிடம் இருந்தது நனைந்த சட்டை, கால்சட்டை, ஒரு கைக்குட்டை, சட்டைப் பையில் ஏலக்காய். பெயரைத் தவிர நான் யார் என்று சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

ஒரு மைல் நடந்திருப்பேன். வளைவில் ஒருவர் கம்போடு வழிமறித்தார். தலையில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார்.

"யாருய்யா நீ? இந்தப் பக்கம் என்ன வேல?"

சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். என் சட்டைப் பையைத் தொட்டார். கையை உள்ளே விட்டு எடுத்தார். உள்ளங்கையில் ஏழெட்டு ஏலக்காய்.

"ஆ! ஆளு ஆம்புட்டாச்சு" என்றார்.

அவர் பெயர் கறுப்பையா. பாதையோரத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் காவல்காரர். முந்தின வாரம் அங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை காணாமல் போயிருந்தது. என் தோளைப் பிடித்தபடியே தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப் போனார்.

தோட்டத்துத் துரை கண்டிக்குப் போயிருந்தார். ஆபீசில் பெரிய கிளாக்கர் சிவபாதம் மட்டும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. பேனாவை எடுத்தார்.

"உம்மட ஊர்?"

"போடிநாயக்கனூர்."

"இந்தியா. பாஸ்போட் எங்கை?"

"பையில இருக்குங்க."

"பை?"

"பஸ்ஸுல."

"பஸ்?"

"போயிடுச்சு."

பேனாவை மூடி வைத்தார். "வியாபாரத்துக்கு வந்த ஆள் ஒரே ஒரு பையோடையே வந்தனீர்?"

"ஆமாங்க. எப்பவும் அப்படித்தான்."

"ஒரு பையோடை வாறவங்கள் ஆர் தெரியுமோ? கள்ளத்தோணியிலை வாறவங்கள்."

நான் பத்து வருஷமாகப் பெருமைப்பட்ட விஷயம் ஒரே வாக்கியத்தில் குற்றமாகிவிட்டது. மாத்தளையில் மஹ்ரூப் நானாவைக் கேளுங்கள் என்றேன். மழையில் டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது என்றார். காலையில் ரத்தோட்டைக்கு ஆள் அனுப்பிப் பொலிசைக் கூப்பிடுவதாகச் சொன்னார். பாஸ்போர்ட் இல்லாத இந்தியனைப் பொலிஸ் எங்கே கொண்டு போகும் என்று எனக்குத் தெரியும். கொழும்பு முகாமில் மாதக்கணக்கில் கிடந்தவர்களின் கதையை விமானத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தார்.

அப்போது கறுப்பையா ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும், தலையில் கறுப்புக் கம்பளி. ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் லெட்சுமி.

"இந்தம்மாதான் ஐயா உள்ள இருந்து எடுத்துக் குடுத்தது. இவரு வெளியில வாங்குற ஆளு" என்றார் கறுப்பையா.

லெட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவர நான் பாத்ததே இல்லைங்க. மூட்ட காணாமப் போனதுலேருந்து கறுப்பையா அண்ணன்தான் பழிய எம்மேல போடப் பாக்குறாரு."

"ஐயா, இது இந்தத் தோட்டத்துக் காயே இல்லைங்க" என்றேன் நான். "பக்கத்துல வச்சுப் பாத்தா ஒங்களுக்கே தெரியும்."

கிளாக்கர் யோசித்தார். "ஸ்டோர் பூட்டியாச்சு. விடியப் பாப்பம்."

என்னை ஆபீசுக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் இருக்கச் சொன்னார்கள். மண்வெட்டிகளும் உரச் சாக்குகளும் அடுக்கிய அறை. கறுப்பையா வாசலில் உட்கார்ந்தார். கிளாக்கர் குவார்ட்டர்சுக்குப் போனதும் உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஐயா, ஒங்களப் பாத்தா நல்ல ஆளாத் தெரியிது. பொலிசு வந்தா கேம்புதான், வெளிய வர நாளாகும். அந்தப் பொம்பள வித்துச்சு, தெரியாம வாங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. சாட்சிக்காரன்னு விட்ருவாங்க. நாளைக்கே நீங்க பஸ் ஏறலாம்."

முடியாது என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் சொன்னது, "யோசிக்கிறேன்." அப்போது என் மனதில் விமானமும் முகாமும் என் இரண்டு பெண் குழந்தைகளும்தான் இருந்தார்கள். கம்பளி போட்ட அந்த அம்மாள் இல்லை.

இருட்டுவதற்குள் லெட்சுமியே வந்தார். தட்டில் இரண்டு ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பல், ஒரு கோப்பைத் தேநீர். சந்தேகத்தில் பிடித்த ஆளுக்கும் பசிக்கும் என்று கிளாக்கர் ஐயாதான் கொடுக்கச் சொன்னாராம். ரொட்டி கனமாக, தேங்காய்ப்பூ கடிபட இருந்தது. சம்பல் காரத்தில் கண்ணில் நீர் வந்தது.

தட்டை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "எனக்காக நீங்க ஒண்ணும் பேச வேணாங்க. இல்லாதத மட்டும் சொல்லிராதீங்க. எங்க பேரு இந்தியாவுக்கு எழுதியாச்சு. கப்பலுக்கு நாளு வர்ற வரைக்கும் தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவுல இருக்கணும். களவுன்னு சொல்லி எறக்கிட்டாங்கன்னா அஞ்சு பேரும் ரோட்டுலதான்."

கறுப்பையா என்னிடம் சொன்னதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. காலிக் கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் உரச் சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை ஸ்டோரைத் திறந்தார்கள். கிளாக்கர் மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு பக்கம் என் சட்டைப் பையிலிருந்த காயையும் மறுபக்கம் தோட்டத்துக் காயையும் கொட்டினார். நான் இரண்டையும் விரலால் தள்ளிக் காட்டினேன்.

"ஒங்க காய் சூட்டறையில காஞ்சது. பச்ச அப்படியே நிக்குது பாருங்க. நீட்டமா, மூணு பட்டையா இருக்கு. இது வெயில்ல காஞ்ச காய். வெளுத்துப்போச்சு, உருண்டையா இருக்கு. ஒரு காயக் கடிச்சுப் பாருங்க, புகை வாசனையே இருக்காது."

"காயி காயிதானுங்க ஐயா" என்றார் கறுப்பையா.

கிளாக்கர் அதையும் கடித்தார், இதையும் கடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எங்கட காய் இல்லை" என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அவர், "ஆனால் நீர் ஆரெண்டு இது சொல்லேல்லையே. பாஸ்போட் இல்லாமல் உம்மை நான் விட்டால் என்ரை உத்தியோகம் போயிடும்" என்றார். வந்த மூச்சு போய்விட்டது. ரத்தோட்டைக்கு ஆள் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார்.

ஒன்பது மணிக்கு மேல் கீழே பாதையில் ஹாரன் கேட்டது. இறங்கி வருகிற பஸ். அது நின்றது. கண்டக்டர் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆபீஸ் படியேறி வந்தார். என்னைக் கண்டதும் சிங்களத்தில் படபடவென்று பேசினார். கிளாக்கர் எனக்குச் சொன்னார்: "கடைசி இடத்திலைதான் நீர் இல்லையெண்டு தெரிஞ்சதாம். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். வழியிலை எல்லாத் தோட்டத்திலையும் நிப்பாட்டி விசாரிச்சுக்கொண்டு வாறாராம்." அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது.

கிளாக்கர் பையைத் தானே திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சட்டை, வேட்டி, துண்டு, செருப்பு, அதன் நடுவில் சவரச் சாமான், அதற்குள் அரை சோப்பு. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். என் உள்ளாடையைக் கண்டு யாரோ சிரித்தார்கள். கடைசியில் மெழுகுத்தாள். பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். எழுந்து நின்றார்.

"குறை நினையாதேயும். பஸ் நிக்குது, போம்."

பையை அவசரமாக அடைத்தேன். கறுப்பையா பாய்ந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டார். "வாங்க ஐயா, நான் கொண்டாந்து ஏத்தி விடுறேன்." முந்தின நாள் என் தோளைப் பிடித்த அதே கை. அவரே ஏறி என் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி, "பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "ஐயா, இவரு இல்லாட்டி வேற எவனுக்கோ வித்திருக்கா அவ" என்று கிளாக்கரிடம் சத்தமாகச் சொன்னார்.

நான் படியில் ஒரு காலை வைத்திருந்தேன். ஸ்டோர் வாசலில் லெட்சுமி நின்றிருந்தார். அடுத்த பஸ் மறுநாள். மறுநாள் மத்தியானம் என் விமானம், என் விசாவின் கடைசி நாள். டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னொரு காலையும் தூக்கி வைத்தால் போதும்.

உள்ளே கையை நீட்டிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"கிளாக்கர் ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். கறுப்பையா முந்தின மாலை சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். யோசிக்கிறேன் என்று நான் பதில் சொன்னதையும் சொன்னேன். கறுப்பையா, "பொய்யுங்க, சத்தியமாப் பொய்யுங்க" என்று கத்தினார்.

கிளாக்கர் என்னைப் பார்த்தார். "நேற்றே ஏன் சொல்லேல்லை?"

"பயம்."

"எழுதித் தருவீரோ? எழுதினால் இந்தப் பஸ் போயிடும்."

"தர்றேன்."

பஸ் போய்விட்டது. கண்டக்டர் கடைசி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டே போனார். இந்த ஆளுக்குப் பஸ் ஏறவே தெரியாது என்று நினைத்திருப்பார்.

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளாக்கர் கறுப்பையாவிடமிருந்து ஸ்டோர்ச் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். லெட்சுமியை வேலைக்குப் போகச் சொன்னார். பொலிஸ் ஜீப் வந்து, என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, நான் எழுதியதை வாங்கிக்கொண்டு போனது. ஒரு மாதம் கழித்து மஹ்ரூப் நானா எழுதிய கடிதத்தில், அந்த மூட்டை கறுப்பையாவின் மச்சான் வீட்டுப் பரணில் இருந்தது என்று ஒரு வரி இருந்தது. கிராம்புத் தோட்டத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த வருஷத்துக் கிராம்பை வேறு யாரோ வாங்கினார்கள். முதலாளி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மத்தியானம் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு ஒரு லொறி போகும், அதில் போனால் விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கிளாக்கர் ஏற்பாடு செய்தார். பாதையோரம் ஒரு கல்லில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தூறல் விழுந்தது. லெட்சுமி ஒரு போத்தலில் தேநீர் கொண்டு வந்தார். நன்றி என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் பையைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? கப்பலுக்கு எவ்வளவு சாமான் கொண்டு போலாம்னு ஒருத்தரும் சரியாச் சொல்றாங்க இல்ல. நீங்க இந்தச் சின்னப் பைக்குள்ள அத்தனையும் அடுக்கி வச்சிருந்தத ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தேன். அதான் ஒங்கள கேப்போம்னு."

"என்னென்ன இருக்கு?"

விரலை மடக்கிச் சொன்னார். தகரப்பெட்டி இரண்டு, அரிக்கன் லாம்பு, சட்டி பானை, மாமியாரின் பித்தளைக் குடம், அம்மி.

"குடத்துக்குள்ள துணிய வச்சுருங்க. லாம்பத் துணிக்கு நடுவுல வைங்க, கண்ணாடி ஒடையாது. அம்மி வேணாம், அங்க வாங்கிக்கலாம். எந்த ஊருக்குப் போறீங்க?"

"திருச்சிப் பக்கம்னு மாமனாரு சொல்வாரு. ஊருப் பேரு அவருக்கே மறந்துபோச்சு. நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல." முகத்துத் தூறலைத் துடைத்துக்கொண்டு, "அங்க குளிருமாங்க?" என்றார்.

"இல்லம்மா. நல்ல வெயில்."

"அப்ப இந்தக் கம்பளி?"

"தேவப்படாது."

அவர் கம்பளியின் ஓரத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். "இது இல்லாம நான் ஒரு நாளும் வெளிய எறங்குனதில்லைங்க."

பத்து வருஷம் பை கட்டிப் பழகியவன் நான். கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது.

லொறி வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். நான் குனிவதற்குள் லெட்சுமி கல்லிலிருந்த பையை ஒரு கையால் தூக்கி என்னிடம் கொடுத்தார்.

"லேசாத்தாங்க இருக்கு" என்றார்.

லொறி திரும்பும்போது பார்த்தேன். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அவர் ஸ்டோர்ப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்.